கஞ்சி டின்னில் இருந்த மாவு

எங்கள் தெருவில் அந்த வருஷங்களில் யாராவது இளைத்துப்போனால் பேச்சு கிளம்பிவிடும். முதலில் நேராகவே கேட்பார்கள், "இன்னாம்மா, சரியா சாப்புடறது இல்லியா?" என்று. அடுத்த தடவை பார்க்கும்போது ஒன்றும் கேட்கமாட்டார்கள். நாம் தாண்டிப்போன பிறகு தங்களுக்குள் பேசிக்கொள்வார்கள். கேட்பதை நிறுத்திவிட்டார்கள் என்றால் முடிவு கட்டிவிட்டார்கள் என்று அர்த்தம். அதனால் யாராவது என்னைப் பார்த்து "ஏன் இப்டி எளச்சுட்ட" என்றால் எனக்குப் பயம் வரும், கூடவே, பரவாயில்லை, இன்னும் கேட்கிறார்கள் என்று ஒரு அற்ப நிம்மதியும் வரும்.

என் கணவர் டி.பி.யில் போனார் என்று தெருவுக்குச் சொல்லியிருந்தோம். டி.பி. இருந்தது வாஸ்தவம். அதற்குப் பின்னால் எச்.ஐ.வி. இருந்தது அவருக்கும் எனக்கும் மட்டும் தெரியும். அவர் எனக்கு விட்டுப்போன சொத்து அது ஒன்றுதான். பிள்ளை இல்லை, தனி வீடு இல்லை. அவருடைய அண்ணன் வீட்டில், அண்ணன் மனைவியோடு, அவர்கள் தறியிலேயே நெய்துகொண்டு இருந்தேன். அந்தக் குடும்பத்துக்கு நானும் அவளும் மருமகள்கள். அவளை நான் அக்கா என்று கூப்பிடுவேன். அவள் என்னை, கோபம் இல்லாதபோது "பொண்ணே" என்பாள், கோபத்தில் பெயர் எதுவும் இல்லாமல் வெறும் "ஏய்".

காஞ்சிபுரத்தில் உடல் ஒரு நிறம் கரை ஒரு நிறமாக வரும் கோர்வைச் சேலையை ஒற்றை ஆளாக நெய்ய முடியாது. உட்கார்ந்து நெய்கிறவர் ஒருவர், பக்கத்துக் கரைக்கு நூல் சுமந்து ஓடுகிற நாடாவைத் தள்ளிப் போட இன்னொருவர். இரண்டு பேரும் தறிக்குக் கீழே வெட்டிய குழிக்குள் காலைத் தொங்கப் போட்டு, தோளோடு தோள் இடிக்க உட்கார வேண்டும். அக்கா நெய்வாள், நான் கரை போடுவேன். அவளுக்கு ஒரு பிடிவாதம் உண்டு. கோர்வை நடந்துகொண்டிருக்கும்போது இரண்டு பேரும் ஒன்றாகத் தறியைவிட்டு எழுந்துவிடக் கூடாது, எழுந்தால் உடலும் கரையும் பிணைகிற சேர்ப்பு தளர்ந்துவிடும் என்பாள். இதில் எவ்வளவு உண்மை என்று எனக்குத் தெரியாது. வேறு வீடுகளில் எழுந்து சாப்பிட்டுவிட்டு வந்து ஒழுங்காகத்தான் நெய்தார்கள். எங்கள் வீட்டில் அவள் வைத்ததுதான் சட்டம். பத்து மணிச் சாப்பாட்டுக்கு அவள் எழுந்து போய்த் தின்றுவிட்டு, எனக்கு ஒரு கிண்ணத்தில் பிசைந்து கொண்டுவந்து, குழி மேட்டில் குந்தி உட்கார்ந்து உருட்டி உருட்டி வாயில் போடுவாள். என் கையில் சோறு பட்டால் பட்டில் கறை ஏறும் என்று அதற்கு ஒரு காரணம் வேறு. பிறகு சீயக்காய் போட்டுக் கையைக் கழுவிவிட்டு வந்து உட்காருவாள். கல்யாணம் ஆகி வந்த புதிதில் எனக்கு இது வெட்கமாக இருந்தது. பிறகு பழகிவிட்டது. பிறகு, நோய் எனக்கும் உண்டு என்று தெரிந்த பிறகு, அவள் விரல் என் உதட்டில் படுகிற ஒவ்வொரு தடவையும் எனக்குப் பகீரென்றது.

தொட்டால் வராது, ஒரே தட்டில் தின்றால் வராது, எச்சிலில் வராது, ரத்தத்தில்தான் ஆபத்து என்று ஆஸ்பத்திரியில் ஆலோசனை சொல்கிற அம்மா எனக்குத் தெளிவாகச் சொல்லியிருந்தார். நம்பினேன். ஆனால் நான் நம்பி என்ன பிரயோசனம், அக்கா அல்லவா நம்ப வேண்டும். ஜரிகை விரலைக் கிழித்தால் குழியிலிருந்து எகிறிக் குதித்து வெளியே ஓடுவேன். கிணற்றடியில் கழுவி, துணி சுற்றி, ரத்தம் நின்ற பிறகுதான் உள்ளே வருவேன். "பட்டுல ரத்தம் படக்கூடாதுன்னு இவளுக்கு எவ்ளோ அக்கறை பாரு" என்று மாமாவிடம் பெருமையாகச் சொல்வாள். மாமா என்பது அவள் புருஷன். அந்தப் பெருமையைக் கேட்டபடியே விரலில் சுற்றிய துணியை இன்னும் இறுக்குவேன்.

என் பயம் வெறும் கற்பனை இல்லை. அடுத்த தெருவில் ஒருவருக்கு இந்த நோய் என்று தெரிந்துபோனது. அவருக்குச் சாப்பாட்டை வாசலுக்கு வெளியே வைத்தார்கள். அவர் செத்தபோது தூக்க ஆள் வரவில்லை. அக்கா அன்றைக்கு அந்தத் தெரு வழியாகப் பூ வாங்கப் போகிறவள் சுற்றிக்கொண்டு போனாள். "அந்த வூட்டுப் பக்கம் காத்தே ஆவாது" என்றாள். நான் நாடாவுக்குள் வைக்கிற தார்க்குச்சியில் நூல் சுற்றிக்கொண்டிருந்தேன். கை நிற்கவில்லை, சுற்றிக்கொண்டே இருந்தது. ஆனால் எனக்கு அன்றைக்கே தெரிந்துவிட்டது, இவளுக்குத் தெரிந்தால் குழியில் எனக்கு இடம் கிடையாது. போவதற்கு எனக்கு முசரவாக்கத்தில் ஒரு சித்தி வீடு மட்டும் இருந்தது. அங்கே சித்திக்கே இடம் இல்லை.

மாத்திரை இலவசமாகக் கொடுக்க ஆரம்பித்திருந்த சமயம். எங்கள் ஊர் ஆஸ்பத்திரிக்கு நான் போகமாட்டேன். அங்கே பாதிப் பேர் எங்கள் தெருவில் புடவை எடுக்கிறவர்கள். முசரவாக்கத்துச் சித்திக்கு உடம்பு சரியில்லை என்று வீட்டில் சொல்லிவிட்டு, மாதம் ஒருமுறை பஸ் ஏறி வேறு ஊர் ஆஸ்பத்திரிக்குப் போனேன். சித்தி கல்லுக்குண்டு மாதிரி இருந்தாள். அவளுக்கு நான் வைத்த வியாதிகளைக் கேட்டால் அவளே ஒருநாள் படுத்திருப்பாள்.

அந்த ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அறையில் எங்களைப் போன்றவர்களுக்கு உணவுப் பொருள் கொடுப்பார்கள். பச்சைப் பயறு, கொஞ்சம் எண்ணெய், ஒரு பெரிய பொட்டலம் சத்துமாவு. கோதுமையும் பொட்டுக்கடலையும் நிலக்கடலையும் வறுத்து அரைத்த மாவு. ஆலோசனை அம்மாதான் எப்படிச் சாப்பிட வேண்டும் என்று சொல்வார். "நல்லா சாப்புடும்மா. கீரை, பயறு, முட்டை. இந்த மாவைத் தினமும் கஞ்சி வெச்சுக் குடி. ஆனா இனிப்பு அளவோட. சில பேருக்கு இந்த மாத்திரைல சக்கரை ஏறும், கொழுப்பு ஏறும். தாகம் ஜாஸ்தியா இருந்தா உடனே சொல்லணும்." அவர் சொன்னதில் முதல் பாதிதான் என் காதில் ஏறியது. நல்லா சாப்பிடு.

ஏனென்றால் எனக்கு என் முகத்தைப் பற்றித்தான் கவலை. அப்போது கொடுத்த மாத்திரைகளில் ஒன்று சிலருக்குக் கன்னத்துச் சதையைக் கரைத்துவிடும். ஆஸ்பத்திரி வரிசையில் பார்த்திருக்கிறேன், வயிறு தள்ளியிருக்கும், கன்னம் மட்டும் உள்ளே போயிருக்கும். ஒருத்தரைப் பார்த்தால் இன்னொருத்தருக்கு அண்ணன் தம்பி என்று தோன்றும். என் கன்னமும் ஒட்ட ஆரம்பித்தது. தினமும் காலையில் கண்ணாடி முன்னால் நின்று கன்னத்துக்குள் காற்றை நிரப்பிப் பார்ப்பேன். இப்படி இருந்தால் ஒருவரும் கேட்கமாட்டார்கள் என்று நினைப்பேன். காற்றை விட்டால் மறுபடியும் அந்த முகம். அதனால் இனிப்பாகத் தின்றேன். சத்துமாவில் வெல்லத்தை இடித்துக் கலந்தேன். கோயில் பக்கம் போனால் சர்க்கரைப் பொங்கலை இரண்டு தடவை வரிசையில் நின்று வாங்கினேன். பக்தி என்று தெரு நினைத்துக்கொண்டது.

இந்த மாவை எங்கே வைப்பது? சமையலறை அக்காவுடைய ராஜ்யம். அங்கே ஒரு புது டப்பா முளைத்தால் மூடியைத் திறந்து பார்க்காமல் அவளுக்குத் தூக்கம் வராது. அந்த வீட்டில் நான் மட்டும் தொடுகிற பொருள் ஒன்றுதான் இருந்தது, பாவுக்குக் கஞ்சி காய்ச்சுகிற அரிசி மாவு டின். தறியில் நீளவாக்கில் ஓடுகிற நூல்தான் பாவு; புதுப் பாவு வந்தால் விடியற்காலையில் தெருவின் நீளத்துக்கு அதை இழுத்துக் கட்டி, நூல் விறைப்பாக நிற்க அரிசிக் கஞ்சி தடவிக் காயவைப்போம். கஞ்சி காய்ச்சுவது என் வேலை. எங்களிடம் இரண்டு டின் இருந்தது. ஒன்றில் அரிசி மாவு, காலியாகக் கிடந்த இன்னொன்றில் என் சத்துமாவு. இதைவிடப் பத்திரமான இடம் உலகத்தில் இல்லை என்று நினைத்தேன். என் புத்திசாலித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

ஒரு நாள் விடியலில் பாவு போட வேண்டியிருந்தது. முதல்நாள் மாத்திரை தலையைச் சுற்றி அடித்துப்போட்டதில் நான் எழுந்திருக்கவில்லை. தூங்கட்டும் என்று அக்கா தானே அடுப்பு மூட்டியிருக்கிறாள். கரண்ட் இல்லை. கைக்குக் கிடைத்த டின்னைக் கவிழ்த்திருக்கிறாள்.

நான் கண்ணைத் திறந்தபோது தெருவிலிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது. கூடவே ஒரு வாசனை. வறுத்த நிலக்கடலை வாசனை. அந்த வாசனையை நான் எத்தனை நாள் முக்காடு போட்டு மூடி, யாரும் இல்லாத நேரமாகப் பார்த்துக் கஞ்சி வைத்திருப்பேன். அது இப்போது தெரு முழுக்க வந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்தேன்.

பாவு இழுத்துக் கட்டியிருந்தது. பிடித்துவிட வந்த அக்கம்பக்கத்துப் பெண்கள் இரண்டு பக்கமும் நின்றிருந்தார்கள். முதல் ஓரத்தில் கொஞ்ச தூரம் கஞ்சி தடவியாகிவிட்டது. அந்த இடம் பிசுபிசுவென்று நிறம் மங்கிக் கிடந்தது. "இன்னாம்மா, பாவுக்குப் பாயசம் காச்சி ஊத்துனீங்களா?" என்று ஒருத்தி கேட்க, எல்லோரும் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை. கஞ்சிச் சட்டியில் விரலை விட்டு, இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்து, பிறகு நாக்கில் வைத்தாள்.

"இனிக்குது" என்றாள். என்னைப் பார்த்தாள். "ஏய். இன்னாது இது? யாரு குடுத்தது?"

அத்தனை பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். பொய் சொல்வது எனக்குக் கஷ்டமான காரியம் இல்லை, சித்தியைக் கேட்டால் தெரியும். ஆனால் அந்த நேரத்தில் மண்டைக்குள் ஒன்றுமே இல்லை. மாவு, ஆஸ்பத்திரி, மாத்திரை என்று மூன்று சொல் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. மூன்றையும் மூடுகிற அளவுக்குப் பெரிய போர்வை எது? ஆலோசனை அம்மா சொன்ன சொல் ஒன்று எங்கிருந்தோ வந்து வாயில் விழுந்தது.

"சக்கரைக்கா. எனக்குச் சக்கரை இருக்குது. ஆஸ்பத்திரில குடுத்த மாவு."

தெரு சட்டென்று இளகிவிட்டது. சக்கரையா, அவ்வளவுதானா. எங்க வூட்டுக்காரருக்கும் இருக்குது, எங்க நாத்தனாருக்கும் இருக்குது என்று ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். மூடி மறைக்க வேண்டாத நோய் ஒன்று எனக்குக் கிடைத்துவிட்டது. அக்கா மட்டும் கஞ்சிச் சட்டியையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகுதான் நினைவு வந்தது, அவள் அம்மா சக்கரையில்தான் போனாள். கால் அழுகி, முட்டிக்குக் கீழே எடுத்து, அப்படியும் பிழைக்காமல்.

"சக்கரைக்காரி வெல்லம் போட்டா கஞ்சி குடிப்பா?" என்று கேட்டாள்.

"தெரியாம போட்டுட்டேன்கா."

"இதப் போயி மறைப்பாங்களாடி?" என்றாள். கண்ணெல்லாம் தண்ணீர். பாவை அலசிக் காயவைக்க மாமாவுக்கு அன்றைக்குப் பகல் முழுக்க ஆனது. நாலு நாளைக்கு எறும்பு விடவில்லை. அவள் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

அன்றிலிருந்து அவள் கையில் நான் மாட்டினேன். அம்மாவுக்குச் செய்யாமல் விட்டதை எல்லாம் எனக்குச் செய்தாள். சோறு பாதியானது. பாகற்காய், முருங்கைக் கீரை, கேழ்வரகுக் களி, கொள்ளு. வெல்லப் பானையை எங்கோ ஒளித்துவைத்தாள். சாயந்திரம் தறியைவிட்டு இறங்கியதும் கோயில் மதிலைச் சுற்றி நடக்க வேண்டும், கூடவே வருவாள். வேறு பெண்ணுக்கு இது பாக்கியம். எனக்கு அது தண்டனையாக இருந்தது. உண்மையில் எனக்குச் சக்கரை இல்லையே! அவள் போடுகிற பத்தியத்தில் நான் இளைத்தால், தெரு என்ன நினைக்கும்? என்னைக் காப்பாற்றுகிறேன் என்று அவளே என்னைக் காட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். பயத்தில் திருட்டுத்தனமாகத் தின்றேன். நடைக்குப் போகிற வழியில் அவள் கும்பிடுகிற நேரத்தில் பொங்கலை வாயில் அடைத்துக்கொண்டேன். முந்தானையில் அச்சு வெல்லம் முடிந்து வைத்திருந்தேன்.

ஆனால் தின்னத் தின்ன இளைத்தேன். தாகம் எடுத்தது. சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடித்தேன். குழிக்குள் உட்கார முடியாமல் அடிக்கடி கொல்லைக்கு ஓடினேன். கால் எரிந்தது. மாத்திரை வேலை செய்யவில்லை, நோய் முற்றிவிட்டது, அவர் போன வழியில் நானும் போகிறேன் என்று முடிவு செய்துகொண்டேன். ஆலோசனை அம்மாவிடம் சொல்லவில்லை. சொன்னால் ஆமாம் என்று சொல்லிவிடுவாரே என்று பயம். அந்த மாதங்களில் நான் தறியில் உட்கார்ந்து எத்தனை சேலைக்குக் கரை போட்டேன் என்று தெரியாது. ஒவ்வொன்றும் முடியும்போது அடுத்ததில் நான் இருப்பேனா என்று மட்டும் நினைப்பேன். பயம் என்றால் திடுக்கிடுவது என்று நினைக்கிறோம். அப்படி இல்லை. அது வீட்டுக்கு வந்த விருந்தாளி மாதிரி கூடவே உட்கார்ந்திருக்கும், கூடவே சாப்பிடும், போகவே போகாது.

நெசவாளர் சங்கக் கட்டடத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சக்கரை முகாம் என்று சொன்னார்கள். வெளியூர்க் குழு ஒன்று வந்திருந்தது. அக்கா என்னை இழுத்துக்கொண்டு போனாள். "உனக்கு எவ்ளோ கொறஞ்சிருக்குன்னு பாக்கணும்" என்றாள். நான் மறுத்துப் பார்த்தேன், தலைவலி என்றேன், விடவில்லை. போகிற வழியெல்லாம், எனக்குச் சக்கரையே இல்லை என்று கருவி சொல்லிவிட்டால் என்ன செய்வது என்று யோசித்துக்கொண்டே போனேன். பத்தியத்தில் குணமாகிவிட்டது என்று சொல்லிக்கொள்ளலாம் என்று ஒருவழியாகத் தேறினேன்.

மேஜைக்குப் பின்னால் ஒரு சின்னப் பெண் உட்கார்ந்திருந்தாள். பேனா மாதிரி ஒன்றால் விரல் நுனியில் குத்தி, ஒரு சொட்டை எடுத்துக் கருவியில் வைத்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். புருவத்தைச் சுருக்கினாள்.

"உங்களுக்குச் சக்கரை ரொம்ப அதிகமா இருக்குக்கா. டாக்டரைப் பாத்துட்டீங்களா?"

"அது தெரிஞ்சதுதாம்மா" என்றாள் அக்கா. "பத்தியத்துலதான் இருக்குறா. இன்னும் கொறையலியா?"

எனக்குக் காது அடைத்துவிட்டது. இருக்கிறது. நிஜமாகவே இருக்கிறது. தாகம், கால் எரிச்சல், இளைப்பு, எல்லாம் அதுதான். நான் செத்துக்கொண்டிருந்தது நான் பயந்த நோயில் இல்லை, வெல்லத்தில். நான் சொன்ன பொய்யை நம்பி ஒருத்தி எனக்குச் சரியான வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தாள், நான் அவளுக்குத் தெரியாமல் அதைக் கெடுத்துக்கொண்டிருந்தேன். பஞ்சால் விரலை அழுத்தியபடி அப்படியே உட்கார்ந்திருந்தேன். நாற்காலியைவிட்டு எழுந்ததோ, அக்கா அதில் உட்கார்ந்ததோ எனக்குச் சரியாக நினைவில்லை.

"எனக்கும் பாரும்மா. எங்கம்மாவுக்கு இருந்தது" என்று அவள் சொல்வது கேட்டது. திரும்பினேன். அவள் விரல் நீட்டியிருந்தது. அதே பேனா. அதே கை. நுனி அவள் விரலைத் தொடப் போனது.

"வேணாம்!" என்று கத்தினேன். "அந்த ஊசி வேணாம். எனக்குக் குத்துனத அக்காவுக்குக் குத்தாத!"

அந்தப் பெண்ணின் கையைத் தட்டிவிட்டேன் போலிருக்கிறது. பேனா உருண்டு கீழே போய் விழுந்தது. கட்டடத்தில் இருந்த அத்தனை பேரும் பேச்சை நிறுத்தினார்கள்.

"ஊசி மாத்திட்டேனேக்கா" என்றாள் அவள் மிரண்டுபோய். பக்கத்தில் இருந்த டப்பாவைச் சாய்த்துக் காட்டினாள். எனக்குக் குத்திய ஊசி அதில் கிடந்தது. "ஒவ்வொருத்தருக்கும் புதுசுதான். நீங்க பாக்கல."

நான் பார்க்கவில்லை. இத்தனை வருஷம் கட்டிக் காத்ததை ஒன்றுமில்லாததற்காகக் கொட்டிவிட்டேன். அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். டப்பாவைப் பார்த்தாள், என் விரலில் இருந்த பஞ்சைப் பார்த்தாள். கிணற்றடிக்கு நான் ஓடிய ஓட்டமெல்லாம் அவள் கண்ணுக்குள் ஒவ்வொன்றாக வந்து நிற்பதை நான் பார்த்தேன்.

பிறகு சுற்றி நின்றவர்களைப் பார்த்துச் சிரித்தாள். "இவளுக்கு ஊசின்னாலே பேய் புடிச்சாப்ல ஆயிடும். நீ குத்தும்மா" என்று விரலை நீட்டினாள். அவளுக்குச் சக்கரை இல்லை.

அக்கா எனக்கு முன்னால் விறுவிறுவென்று நடந்து வீடு சேர்ந்தாள். உள்ளே வந்து கதவைச் சாத்திவிட்டுக் கேட்டாள்.

"அதுவா?"

"ஆமாக்கா."

"உன் வூட்டுக்காரருக்கும் அதானா?"

"ஆமா."

"எங்க எல்லார் கிட்டயும் டி.பி.ன்னு சொன்னீங்க."

நான் ஆலோசனை அம்மா சொன்னதை எல்லாம் ஒன்று விடாமல் ஒப்பித்தேன். தொட்டால் வராது, தட்டில் வராது, எச்சிலில் வராது. என் குரல் எனக்கே கேட்கச் சகிக்கவில்லை, பிச்சை கேட்கிற குரல். அவள் கேட்டாளா என்று தெரியவில்லை. எழுந்து கொல்லைக்குப் போனாள். பாத்திரம் தேய்க்கிற சத்தம் வந்தது. வீட்டில் இருந்த பாத்திரம் அத்தனையும் எடுத்துப்போட்டுப் புளி வைத்துத் தேய்த்தாள். ஒவ்வொரு பாத்திரமும் கல்லில் இடிக்கிற சத்தத்துக்கு என் உடம்பு தூக்கிப்போட்டது. எட்டிப் பார்த்தேன். என் தட்டு சுவரோரம் தனியாகக் கவிழ்ந்திருந்தது. இடம் போதாமல் வைத்தாளா, வேண்டுமென்றே வைத்தாளா என்று தெரியவில்லை. நான் இரண்டு புடவையையும் மாத்திரையையும் ஒரு மஞ்சப்பையில் எடுத்துவைத்தேன். பசிக்கவில்லை என்று சொல்லிவிட்டு முன்னறையிலேயே படுத்துக்கொண்டேன்.

விடிந்ததும் பையோடு வாசலுக்கு வந்தேன். அக்கா தறியில் உட்கார்ந்திருந்தாள். அரை வெள்ளை நிறத்தில் ஒரு கல்யாணப் புடவை, பாதி நெய்தபடி நின்றிருந்தது. திரும்பாமலே பேசினாள்.

"மாமா கிட்ட ஒண்ணும் சொல்லல. நின்னுக்கினே இருந்தா கரை யாரு போடறது?"

பையை வைத்துவிட்டுக் குழிக்குள் இறங்கினேன். தோள் இடிக்காமல் இருக்கச் சுவர்ப் பக்கமாக ஒடுங்கி உட்கார்ந்தேன். நாடா போய் வந்தது. பத்து மணி நெருங்க நெருங்க எனக்கு வியர்த்துக் கொட்டியது. அடுத்த தெருக்காரருக்கு வாசலுக்கு வெளியே வைத்த சாப்பாடு ஞாபகம் வந்தது. அவளாகச் சொல்கிற மாதிரி வைத்துக்கொள்ள வேண்டாம், அந்தக் கஷ்டத்தை அவளுக்குக் கொடுக்க வேண்டாம் என்று தோன்றியது. அவள் எழுந்து உள்ளே போனதும் நானும் கையை ஊன்றி மேலே ஏறப் பார்த்தேன்.

"நானே வந்து போட்டுக்கறேன்கா."

"கோர்வ நடுவுல எழுந்துக்காத" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

கிண்ணத்தோடு வந்தாள். குழி மேட்டில் குந்தி உட்கார்ந்தாள். சத்துமாவைக் கெட்டியாகக் கிளறி, கீரையும் பயறும் போட்டுப் பிசைந்திருந்தாள். அதில் கொஞ்சம் எடுத்து உருட்டினாள். நான் சொன்னதை அவள் நம்பவில்லை என்று அப்போது எனக்குத் தெரிந்தது. அவள் கை நடுங்கிக்கொண்டிருந்தது. உருண்டை உதிர்ந்து கிண்ணத்திலேயே விழுந்தது. மறுபடியும் எடுத்து உருட்டினாள். உதடு வெளுத்திருந்தது. வரும், தனக்கும் வந்துவிடும் என்றே அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, பயமா இருந்தா வேணாம்."

"வாயத் தொற" என்றாள்.

வாயைத் திறந்தேன். அவள் விரல் உதட்டில் பட்டது. ஜில்லென்று இருந்தது. வெல்லம் ஒரு துளி இல்லை. மென்று முழுங்கினேன். நடுங்குகிற கையால் அவள் அடுத்ததை உருட்டிக்கொண்டிருந்தாள்.